கரிமூட்டத்துக்கு வந்த ஆறு கிரேக்கர்கள்

பிள்ளைகளே, என் பட்டப் படிப்புக்கு மொத்தம் பதினெட்டுத் தாள். பதினேழில் தேறிவிட்டேன். மிச்சம் நின்றது ஒன்றே ஒன்று. அந்த ஒன்றில் மூன்று தடவை தோற்றேன்.

நாலாவது தடவைதான் கடைசி. தபால் வழியில் படிக்கிறவர்கள் இத்தனை வருஷத்துக்குள் முடித்தாக வேண்டும் என்று ஒரு கெடு உண்டு. எனக்கு அந்த வருஷத்தோடு கெடு முடிந்தது. தேறாவிட்டால் அந்த ஒரு தாளோடு போகாது. முன்னால் தேறிய பதினேழும் சேர்ந்து செல்லாததாகிவிடும்.

அந்தப் பதினேழும் நான் ஒருவனாகத் தேறியதில்லை. நான் கரிமூட்டம் போடுகிறவன். திருச்சுழிப் பக்கத்துக் கரிசல் காட்டில் யாரும் தண்ணீர் ஊற்றாமல் வளர்கிற மரம் சீமைக்கருவேல் ஒன்றுதான். அதை வெட்டிக் காயவைத்து, குவியலாக அடுக்கி, வைக்கோலால் மூடி, மேலே குழைத்த மண்ணைப் பூசி, உள்ளே நெருப்பு வைப்போம். விறகு எரிந்துவிடாமல் வெந்து கரியாக வேண்டும். அந்தக் குவியலுக்குத்தான் மூட்டம் என்று பெயர். ஞாயிற்றுக்கிழமை தோறும் நான் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு அருப்புக்கோட்டைக்கு வகுப்புக்குப் போவேன். அன்றைக்கு என் பங்கு மண்ணையும் என் மனைவிதான் குழைப்பாள். ஒரு நாள் இரண்டு நாள் இல்லை, ஆறு வருஷத்து ஞாயிற்றுக்கிழமைகள். நான் தோற்றால் அவையும் சேர்ந்துதான் வீணாகும்.

தோற்ற தாளின் பெயர் மேலைநாட்டுச் சிந்தனை. பாதிப் புத்தகம் பழைய கிரேக்க நாட்டு அறிஞர்கள். இரண்டாயிரம் வருஷத்துக்கும் முந்தியவர்கள். உலகம் எதனால் ஆனது, எப்படி வாழ்ந்தால் சரி என்று யோசித்துக்கொண்டே இருந்தவர்கள். அவர்கள் சொன்ன விஷயம் எனக்குக் கஷ்டமாக இல்லை. பெயர்தான் கஷ்டம். ஒருவர் பெயர் 'அ'வில் தொடங்கி 'ஸ்'ஸில் முடியும். அடுத்தவர் பெயரும் 'அ'வில் தொடங்கி 'ஸ்'ஸில் முடியும். நடுவில் இருக்கிற எழுத்துகள் மட்டும் இடம் மாறி உட்கார்ந்திருக்கும். முதல் தடவை, காற்றைப் பற்றிச் சொன்னவர் தலையில் தண்ணீரை ஊற்றிவிட்டு வந்தேன். இரண்டாம் தடவை ஒருவர் குடித்த விஷத்தை இன்னொருவருக்குக் கொடுத்துவிட்டேன். மூன்றாம் தடவை வைராக்கியமாகப் பெயர்களை மட்டும் மனப்பாடம் செய்தேன். பெயர் எல்லாம் வரிசையாக வந்தது. அவர்கள் சொன்னது ஒன்றும் வரவில்லை.

நாலாவது தடவைக்கு நான் படித்தது, தண்ணீர் வற்றிய கண்மாய்க்குள் நாங்கள் போட்டிருந்த மூட்டத்தடியில். நெருப்பு வைத்த மூட்டத்தை விட்டு நகர முடியாது. மண் பூச்சு எங்கே வெடிக்கிறது என்று சுற்றிச் சுற்றிப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். வெடிப்பு வழியாகக் காற்று புகுந்தால் உள்ளே இருப்பது சாம்பல்தான். கைக்கு வேலை குறைவு, கண் மட்டும் அங்கே இருக்க வேண்டும். அதனால் புத்தகத்தைச் சத்தமாக வாசித்துக்கொண்டே சுற்றி வருவேன். வேலையில் எங்களோடு இருந்தவர்கள் இரண்டு பேர். ஒருவர் என் அண்ணன் மனைவி, எனக்கு மதினி. இன்னொருவர் என் மனைவியின் தம்பி, எனக்கு மச்சான்.

ஒரு மத்தியானம் மதினி கேட்டார்.

"என்ன கொழுந்தனாரே, மூட்டத்துக்கு மந்திரம் ஓதுறீகளா?"

"மந்திரம் இல்ல மதினி. ஒரு ஆளோட பேரு."

"ஒத்த ஆளுக்கா இம்புட்டுப் பேரு? அவுக ஆத்தா எப்படித்தான் சாப்பிடக் கூப்பிட்டாளோ."

"கூப்பிட்டு முடிக்கிறதுக்குள்ள சோறு ஆறிப்போயிருக்கும்" என்றான் மச்சான்.

"பேர விடுங்க. அந்த ஆளு என்ன செஞ்சாருன்னு சொல்லுங்க. பேர நான் வைக்கிறேன்" என்றார் மதினி.

எங்கள் ஊரில் இது புதிது இல்லை. ரேஷன் கார்டில் இருக்கிற பெயர் ரேஷன் கடைக்கு மட்டும்தான். ஊருக்குள் ஒவ்வொருவருக்கும் ஒரு பட்டப்பெயர் உண்டு, செய்த காரியத்தை வைத்தோ, உடம்பை வைத்தோ, ஒரு தடவை சொன்ன சொல்லை வைத்தோ. ஒரு சமயம் பஸ் ஸ்டாப் சுவரில் கண்ணீர் அஞ்சலி போஸ்டர் ஒட்டியிருந்தது. போட்டோ மழையில் கரைந்திருந்தது, பெயர் மட்டும் தெரிந்தது. செத்தது யார் என்று ஊரில் ஒருவருக்கும் தெரியவில்லை. "வெளியூர் ஆளு போல" என்று சொல்லிவிட்டு ஆளாளுக்கு வேலைக்குப் போய்விட்டோம். மத்தியானம் சங்குச் சத்தம் கேட்டுத்தான், அது எங்கள் தெருக்காரர் என்று தெரிந்து ஓடினோம்.

அதனால் மதினி சொன்னது எனக்கு நியாயமாகப் பட்டது. முதல் ஆளைப் பற்றிச் சொன்னேன். உலகத்தில் எல்லாவற்றுக்கும் மூலம் தண்ணீர், தண்ணீர்தான் பல உருவமாக மாறியிருக்கிறது என்றவர்.

"எந்த ஊரு அவருக்கு?"

"கடலோர ஊரு மதினி."

"அதான பாத்தேன். நம்ம பக்கம் பொறந்திருந்தா எல்லாம் புழுதிதான்னு சொல்லியிருப்பாரு. சரி, தண்ணிக்காரர்."

மதினி சொன்னதற்கு நாங்கள் எல்லாம் சிரித்தோம். என் மனைவி சிரிக்கவில்லை. மூட்டத்தின் உச்சியைக் காட்டினாள். நெருப்பு வைத்து ஒரு நாள்தான் ஆகியிருந்தது. வெள்ளைப் புகை திரண்டு போய்க்கொண்டிருந்தது.

"பத்து நாளு காஞ்ச வெறகு. கையில எடுத்தா காஞ்ச நெத்து மாதிரி லேசா இருந்துச்சு. இந்த வெள்ளப் பொகை எங்கிருந்து வருது? உள்ள இருக்கிற தண்ணிதான போகுது. அவுக சொன்னதுல என்ன தப்பு?"

நான் மூன்று தடவை பரீட்சை எழுதியும் யோசிக்காத விஷயம் அது.

அந்தத் தண்ணிக்காரர் நிழலை வைத்து உயரம் அளந்தவர் என்றும் புத்தகத்தில் இருந்தது. நம் நிழலும் நம் உயரமும் சமமாக இருக்கிற நேரத்தில் எதன் நிழலை அளந்தாலும் அதன் உயரம் கிடைத்துவிடும் என்றார். அதையும் செய்து பார்த்தோம். மூன்று மணி வாக்கில் மச்சானை வெயிலில் நிறுத்தி, அவன் நிழல் அவன் உயரத்துக்கு வந்ததும், கண்மாய்க் கரைப் பனையின் நிழலை ஓடிப்போய்க் கயிற்றால் அளந்தேன். மறுநாள் பனை ஏறுகிறவரிடம் கயிற்றைக் கொடுத்து மேலே இருந்து தொங்கவிடச் சொன்னோம். ஒரு முழம்தான் வித்தியாசம். மச்சான் குனிந்து நின்றதால் வந்த வித்தியாசம் என்று மதினி தீர்ப்புச் சொன்னார்.

அடுத்தவர் எல்லாம் காற்று என்றவர். காற்று நெகிழ்ந்தால் சூடாகி நெருப்பாகும், நெருங்கினால் குளிர்ந்து மேகமாகும், தண்ணீராகும், கல்லாகும் என்பது அவர் கட்சி. சாட்சிக்கு அவர் காட்டியது நம் மூச்சை. வாயை அகலத் திறந்து கையில் ஊதிப் பாருங்கள், சூடாக இருக்கும். உதட்டைக் குவித்து ஊதுங்கள், குளிரும். நாங்கள் நாலு பேரும் நின்று கையில் ஊதிக்கொண்டிருந்ததைப் பார்த்து, ரோட்டில் போன டிராக்டர்காரர் யாருக்கோ தீக்காயம் என்று வண்டியை நிறுத்திவிட்டு ஓடி வந்தார். அவரையும் ஊதச் சொன்னோம். ஊதினார். "ஆமால்ல" என்று சொல்லிவிட்டுப் போனார். அவர் காத்துக்காரர் ஆனார். கிரேக்கரைச் சொல்கிறேன்.

எல்லாம் நெருப்பு, நெருப்பைப் போல எல்லாம் மாறிக்கொண்டே இருக்கும் என்றவர் நெருப்புக்காரர். ஒன்று போதாது, மண், தண்ணீர், காற்று, நெருப்பு நாலும் சேர்ந்துதான் எல்லாம் என்றவர் நாலுக்காரர். இன்னொருவர் வீடு வாசல் வேண்டாம் என்று ஒரு பெரிய மண் தாழிக்குள் குடியிருந்தவர். ஒரு பெரிய ராஜா அவரைத் தேடிவந்து, உனக்கு என்ன வேண்டும், கேள் என்றார். கொஞ்சம் தள்ளி நில், வெயிலை மறைக்கிறாய் என்றார் இவர். எங்கள் பக்கம் கம்பும் வரகும் கொட்டிவைக்கிற ஆளுயர மண் கலத்துக்குக் குலுக்கை என்று பெயர். அதனால் இவர் குலுக்கைக்காரர். மதினிக்கு அவரைப் பிடிக்கவே இல்லை.

"குலுக்கைக்குள்ள படுத்துக்கிட்டு ராஜாவ வெரட்டுறதுல என்ன பெரிய இது? அவருக்குக் கஞ்சி ஊத்துனது யாரு, அதச் சொல்லுங்க."

அது புத்தகத்தில் இல்லை.

கடைசியில் ஒருவர். அவர் எதுவும் எழுதவில்லை. தெருத் தெருவாகப் போய் எல்லாரிடமும் கேள்வி கேட்டார். வீரம் என்றால் என்ன, நியாயம் என்றால் என்ன என்று கேட்டு, பதில் சொன்னவர்களுக்கு உண்மையில் ஒன்றும் தெரியாது என்று காட்டினார். தனக்கும் தெரியாது என்றார். ஊருக்குக் கோபம் வந்து, விஷம் குடித்துச் சாக வேண்டும் என்று தீர்ப்பாயிற்று.

"ஓடியிருக்கலாம்ல?" என்றாள் என் மனைவி.

"ஓடச் சொல்லி ஆள் வந்துச்சு. வழியும் செஞ்சு வச்சிருந்தாக. இவுக போகலை. ஊரு சட்டத்துக்குள்ள இம்புட்டு நாளு இருந்துட்டு, எனக்கு ஒண்ணுன்னதும் ஓடுறது சரியான்னு வந்தவுககிட்டயே கேள்வி கேட்டாக."

மதினி பேர் வைக்கவில்லை. "இவுகளுக்கு நீங்களே வைங்க கொழுந்தனாரே" என்று சொல்லிவிட்டு, மண் சட்டியை எடுத்துக்கொண்டு மூட்டத்துக்கு அந்தப் பக்கம் போய்விட்டார். கேள்விக்காரர் என்று நான்தான் வைத்தேன்.

இப்படி ஆறு பேரும் எங்கள் கண்மாய்க்குள் குடிவந்துவிட்டார்கள். புத்தகத்தில் இன்னும் பலர் உண்டு. ஆனால் முக்கியக் கேள்வி இந்த ஆறு பேரிடமிருந்துதான் வரும் என்று வகுப்பில் சொல்லியிருந்தார்கள். வீட்டில் பதினொன்றாம் வகுப்புப் படிக்கிற என் மகள் என்னைக் கேள்வி கேட்பாள். "அப்பா, தண்ணிக்காரருக்கும் காத்துக்காரருக்கும் என்ன சண்டை?" சொல்லுவேன். "நாலுக்காரரு எதுக்காக நாலு வச்சாரு?" சொல்லுவேன். ஒரு நாள் அவளே கேட்டாள்.

"இவங்க நெசப் பேரெல்லாம் எப்பப்பா படிப்பீங்க?"

"ஆள் பிடிபட்டாச்சு பாப்பா. பேர கடைசியில ஒட்டிக்கலாம்."

அந்த நேரத்தில் அருப்புக்கோட்டைப் படிப்பு மையத்திலிருந்து ஒரு தகவல் வந்தது. பழைய பாடத்திட்டத்தில் மிச்சம் இருப்பது எங்கள் மையத்தில் நாலே பேர். நாலு பேருக்காக வினாத்தாள் அச்சடிக்க முடியாது, வாய்மொழித் தேர்வுதான் என்றார்கள். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. எழுதுவதில்தான் எனக்குத் தகராறு, பேசுவதில் என்ன. அந்த வாரம் பந்தல்குடியிலிருந்து கரி ஏற்ற லாரி வருவதாக இருந்தது. லோடுக்கு மூட்டை பிடிக்கிற வேலையில் பேர் ஒட்டுகிற வேலை அப்படியே நின்றுபோயிற்று. நின்றுபோனதே எனக்குத் தெரியவில்லை. அந்த ஆறு பேரையும் அவ்வளவு நன்றாகத் தெரிந்திருந்ததால், அவர்களுக்கு வேறு பெயர் இருக்கிற ஞாபகமே எனக்கு இல்லை.

தேர்வன்று அருப்புக்கோட்டையில் ஒரு கல்லூரியின் வராந்தாவில் உட்கார்ந்திருந்தேன். பக்கத்தில் நூல் மில்லில் வேலை பார்க்கிற ஒரு தங்கச்சி. எங்களோடு படிப்பவர், அவருக்கும் இதுதான் கடைசித் தடவை. புத்தகத்தைப் புரட்டிக்கொண்டே ஒரு பெயரைச் சொல்லி என்னிடம் கேட்டார்.

"அண்ணே, இவரு நதிக்கு ஒரு உதாரணம் சொன்னாரா, இல்ல வேற ஆளா?"

"யாரு இவரு?"

அவர் என்னைப் பார்த்தார். "அண்ணே, வெளையாடாதீங்க. பயமா இருக்கு."

நான் விளையாடவில்லை. அவர் கையிலிருந்த புத்தகத்தை வாங்கிப் பார்த்தேன். 'அ', 'ஸ்'. 'அ', 'ஸ்'. ஒரு பெயரும் எனக்குத் தெரிந்த முகமாக இல்லை. பஸ் ஸ்டாப் சுவரில் அந்த போஸ்டரைப் பார்த்துக்கொண்டு நின்ற மாதிரி இருந்தது. உள்ளேயிருந்து என் பதிவெண்ணைத்தான் முதலில் கூப்பிட்டார்கள்.

மேசைக்கு அந்தப் பக்கம் ஒரு பேராசிரியை. என் அக்கா வயது இருக்கும். மதுரையிலிருந்து காரியாபட்டி வழியாக பஸ்ஸில் வந்தவர், காற்றில் கலைந்த முடியை ஒதுக்கிக்கொண்டிருந்தார்.

"உக்காருங்க. என்ன வேலை பாக்குறீங்க?"

"கரிமூட்டம் போடுறேன் மேடம்."

தலையை ஆட்டிவிட்டு ஒரு பெயரைச் சொன்னார். "இவரைப் பத்திச் சொல்லுங்க."

அந்தப் பெயரை நானும் ஒரு தடவை திக்கித் திக்கிச் சொல்லிப் பார்த்தேன்.

"மேடம், அவுக என்ன சொன்னாகன்னு ஒரே ஒரு வார்த்தை நீங்க சொன்னீகன்னா, மிச்சத்த நான் சொல்லிருவேன்."

"அதைத்தானே நான் உங்ககிட்ட கேக்குறேன்."

"ஆமா மேடம்."

இன்னொரு பெயரைச் சொன்னார். தெரியவில்லை என்றேன். மூன்றாவது பெயர் சொன்னார்.

"கேட்ட மாதிரி இருக்கு மேடம்."

"கேட்ட மாதிரி இருக்க இது என்ன சினிமாப் பாட்டா?"

பேனாவின் மூடியைக் கழற்றினார். முன்னால் இருந்த தாளில் என் எண்ணுக்கு நேராகப் பேனா போனது. அந்த நேரம் கண்மாயில் என் மனைவி என் பங்கு மண்ணையும் சேர்த்துக் குழைத்துக்கொண்டிருப்பாள். அது நினைவு வந்ததும் எனக்கு வெட்கம் போய்விட்டது.

"மேடம், எழுதறதுக்கு முன்னாடி ஒண்ணு சொல்லிக்கிறேன். எனக்கு ஆளெல்லாம் நல்லாத் தெரியும். பேருதான் தெரியாது. ஊர்ல அவுகளுக்கு வேற பேரு வச்சுப் படிச்சேன்."

"வேற பேரா? என்ன பேரு?"

சொன்னேன். தண்ணிக்காரர், காத்துக்காரர் என்று வரிசையாகச் சொல்லி வந்தேன். பேனா அங்கேயே நின்றது.

"குலுக்கைக்காரரா? யாரு அது?"

"குலுக்கைக்குள்ள குடியிருந்தவரு மேடம். வெயில மறைக்காத, தள்ளி நில்லுன்னு ராஜாகிட்ட சொன்னாருல்ல."

அவர் சிரிக்கவில்லை. ஆனால் சிரிப்பை அடக்குகிறவர்கள் தண்ணீர் குடிப்பார்கள் அல்லவா, அப்படிக் கொஞ்சம் தண்ணீர் குடித்தார்.

"பேர் இல்லாம நான் எப்படி மார்க் போடுறது? குலுக்கைக்காரரைப் பத்தி நல்லாச் சொன்னார்னு மேல எழுதி அனுப்பவா?"

"ஆள நான் சொல்றேன் மேடம். பேர நீங்க போட்டுக்கங்க. ஒரு ஆளோட சரக்கு இன்னொரு ஆளுக்குப் போயிருச்சுன்னா, நானே எந்திரிச்சுப் போயிர்றேன்."

அவர் ஒரு வெள்ளைத் தாளை எடுத்து ஆறு கோடு போட்டார்.

"ஒருத்தர் மாறினாலும் எந்திரிச்சுரணும்."

"சரிங்க மேடம்."

தண்ணிக்காரரில் ஆரம்பித்தேன். கடலோர ஊர், பனை நிழல், காய்ந்த விறகிலிருந்து வருகிற வெள்ளைப் புகை. அவர் முதல் கோட்டில் ஒரு பெயரை எழுதினார். காத்துக்காரரைச் சொல்லும்போது நான் என் கையில் ஊதிக் காட்டினேன். அவரும் அவர் கையை வாய்க்குப் பக்கத்தில் கொண்டுபோனார், பிறகு சட்டென்று இறக்கிக்கொண்டார். இரண்டாவது கோட்டில் எழுதினார். நெருப்புக்காரருக்கு வந்தேன். எல்லாம் மாறிக்கொண்டே இருக்கிறது, அந்த மாற்றத்துக்கு நெருப்புத்தான் உருவம், அது அளவோடு பற்றுகிறது, அளவோடு அணைகிறது என்று அவர் சொன்னதைச் சொன்னேன்.

"அந்த அளவுங்கிறது என்ன? அதை விளக்குங்க" என்றார்.

பிள்ளைகளே, வேறு எந்த நாட்டில், வேறு எந்தப் பரீட்சையில் இப்படி ஒரு கேள்வி என்னிடம் கேட்பார்கள். நாற்காலியில் முன்னால் நகர்ந்து உட்கார்ந்தேன்.

"அந்த இடத்துல அவுக சொன்னது எனக்கு முழுசா ஒத்துவரலை மேடம்."

"யாருக்கு ஒத்துவரலை?"

"எனக்கு மேடம். இருவது வருஷமா நெருப்போடதான் இருக்கேன். நெருப்பு தானா அளவு வச்சு நான் பாத்ததில்ல. அதுக்கு விட்டா மூட்டத்தையே தின்னுபுடும். அளவு வைக்கிறது காத்து. மண் பூச்சுல சின்னத் தொளை போட்டா மெதுவா வேகும். பெரிய தொளை போட்டா சாம்பல். காத்துக்கு அளவு வைக்கிறது மண்ணு. மண்ணு வெடிக்காம இருக்கணும்னா தண்ணி ஊத்திக் குழைக்கணும்."

"வெறகு தீந்துபோனா நெருப்பு தானாத்தானே அணையுது. அது அளவு இல்லையா?"

நல்ல கேள்வி. மூட்டம் பிரிக்கிற நாளை நினைத்துக்கொண்டேன். வைத்த கட்டை வைத்த உருவத்திலேயே கறுப்பாக, தட்டினால் கண்ணாடிச் சத்தத்தோடு வருமே, அதை நினைத்துக்கொண்டேன்.

"இல்ல மேடம். தீந்துபோயி அணையிறது வேற, இருக்கும்போதே நிக்கிறது வேற. நாங்க உள்ள வெறகு இருக்கும்போதே தொளைய அடைச்சு நெருப்ப நிப்பாட்டுறோம். நிப்பாட்டுனாத்தான் கரி. தீந்து அணைஞ்சா அது வெறும் சாம்பல். அளவுங்கிறது மிச்சம் வைக்கணும் மேடம். நெருப்புக்கு மிச்சம் வைக்கத் தெரியாது."

அவர் தாளில் என்னமோ எழுதினார். ஒரு வரி இல்லை, நாலு வரி இருக்கும்.

"அப்ப யாரு சொன்னது சரி?"

"நாலுக்காரரு மேடம். நாலும் இருந்தாத்தான் மூட்டம்."

"நாலும் தானா எப்படிச் சேரும்? எது சேக்குது, எது பிரிக்குது?"

"அன்பு சேக்கும், பகை பிரிக்கும்னு அவுக சொன்னாக."

"நீங்க என்ன சொல்றீங்க?"

யோசித்தேன். மூட்டத்தில் அப்படி ஒன்றை நான் பார்த்ததில்லை. பார்த்த மாதிரிச் சொல்லலாம்தான்.

"அது எனக்குத் தெரியலை மேடம்."

"சரி. உங்க கேள்விக்காரர் இருந்தா இந்தப் பதிலுக்கு மார்க் போட்டிருப்பார். நானும் போடுறேன்."

மிச்சம் இரண்டு பேரையும் சொல்லி முடித்தேன். ஆறு கோட்டிலும் ஆறு பெயர். தாளை என் பக்கம் திருப்பி, ஒவ்வொரு பெயராக விரலை வைத்து வாசித்துக் காட்டினார். "இதுதான் உங்க தண்ணிக்காரர். இது காத்துக்காரர்." ஒருவர் சரக்கும் ஒருவருக்கு மாறவில்லை. நான் எழுந்து நின்று கும்பிட்டேன்.

"ஒரு நிமிஷம். உங்க ஊர்ல எனக்கு என்ன பேரு வைப்பாங்க?"

"அது ரிசல்ட்டு வந்தப்பறம்தான் மேடம் தெரியும்."

இந்தத் தடவை அவர் தண்ணீர் குடிக்கவில்லை, வெளிப்படையாகவே சிரித்துவிட்டார். வெளியே வந்ததும் அந்தத் தங்கச்சி என் முகத்தைப் பார்த்து, "உள்ள சிரிக்கிறாங்க, நீங்க வேர்த்து வாரீங்க, என்னண்ணே நடந்துச்சு" என்று கேட்டார். எனக்கே தெரியவில்லை. சிரித்த வாயோடு பெயில் போட்டவர்களையும் நான் பார்த்திருக்கிறேன். வீட்டில் நடந்ததை அப்படியே சொன்னேன். என் மனைவி முழுசாகக் கேட்டுவிட்டு, "பேர படிக்காம போனீகளா" என்று மட்டும் கேட்டாள். அதற்குப் பிறகு பதினாறு நாள் அவள் அதைப் பற்றிப் பேசவில்லை. அந்தப் பதினாறு நாளும் கொஞ்சம் நீளம்தான்.

பதினேழாவது நாள், லாரி வந்து நின்று மூட்டை ஏறிக்கொண்டிருந்தது. பக்கத்தில் புது மூட்டத்துக்கு மண் பூச்சு நடந்துகொண்டிருந்தது. போன் அடித்தது. மில் தங்கச்சி.

"அண்ணே, ரிசல்ட்டு வந்திருச்சு. உங்க நம்பரச் சொல்லுங்க."

சொன்னேன். அந்தப் பக்கம் அவர் என் எண்ணைத் தேடிக்கொண்டிருந்தார். என் மனைவி கையில் மண்ணோடு எழுந்து நின்றாள்.

"எழுவத்திரெண்டுண்ணே."

"நாப்பதுதான பாஸ்?"

"நாப்பதுதான். எனக்கு அம்பத்தெட்டு. ரெண்டு பேரும் முடிச்சுட்டோம்ணே." அவர் அழுகிறாரா சிரிக்கிறாரா என்று போனில் தெரியவில்லை.

நான் சொல்ல வேண்டியிருக்கவில்லை. என் முகத்தைப் பார்த்தே தெரிந்துகொண்டு, "எத்தன?" என்று கேட்டாள் மனைவி.

"எழுவத்திரெண்டு."

"நூத்துக்கா?"

"நூத்துக்குத்தான்."

மதினி மண் சட்டியைக் கீழே வைத்துவிட்டு, மூட்டத்துக்கு அந்தப் பக்கம் இருந்த மச்சானைக் கூப்பிட்டார். "ஏலே, நம்ம தண்ணிக்காரரு, காத்துக்காரரு எல்லாரும் பாஸாயிட்டாகடா." லோடு ஏற்றுகிறவர்கள் மூட்டையைத் தோளில் வைத்தபடியே என்ன என்று விசாரித்தார்கள். இந்தக் காட்டுக்குள் ஒருவர் பட்டதாரி ஆகியிருக்கிறார் என்றதும் மூட்டையை இறக்கிவைத்துவிட்டு, எப்படி என்று கேட்டார்கள். நான் சொல்லத் தொண்டையைச் செருமினேன்.

என் மனைவி குடத்துத் தண்ணீரில் கையை அலசினாள். முந்தானையில் துடைத்தாள். வேப்ப மரத்து நிழலில் போய்ச் சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டு, "நான் சொல்றேன், கேளுங்க" என்றாள். என்னைப் பார்த்து, "அந்தப் பக்கம் இன்னும் பூசலை. நீங்க போயி மண்ணக் குழைங்க" என்றாள்.

குழைத்தேன். அவள் முதல் பெயரில் நான் திக்கியதிலிருந்து ஆரம்பித்தாள். லோடுக்காரர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். நெருப்புக்கு மிச்சம் வைக்கத் தெரியாது என்கிற இடம் வந்தபோது ஒருவரும் சிரிக்கவில்லை. அவள் சொன்னதில் நான் தேர்வறையில் இருந்ததைவிடக் கொஞ்சம் கெட்டிக்காரனாகவே இருந்தேன். திருத்தலாமா என்று நினைத்தேன். திருத்தவில்லை. அன்றைக்கு இரண்டு பேர் பங்கு மண்ணையும் நானே குழைத்து முடித்தேன்.